மூச்சுக்குழலின் நுண்மயிர்கள்

2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லியில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, பிராணவாயுவுக்கும் வென்டிலேட்டர் என்னும் சுவாசக் கருவிக்கும் மக்கள் அலைந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்கருவியின் பெயர் அன்று வீடுதோறும் அறிமுகமாயிற்று. ஆயினும் அதனுடன் இணைக்கப்பட்ட நோயாளியின் மூச்சுக்குழலினுள் என்ன நிகழ்கின்றது என்பதைப் பலர் அறியார்.

சென்ற குளிர்காலத்தில், கும்பகோணத்திலிருந்து தில்லியிலுள்ள மகன் வீட்டுக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் நிமோனியா கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இந்தி அறியாத அவர் மனைவிக்குத் துணையாக நான் சென்றிருந்தேன். முதியவரின் வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகப்பட்டிருந்தது. செவிலி ஒருவர் வந்து, அதனுள் மெல்லிய வேறொரு குழாயை நுழைத்துக் கோழையை உறிஞ்சினார். நோயாளியின் உடல் குலுங்கிற்று. "ஏன் தம்பி, இவரை இப்படி வதைக்கிறார்கள்?" என்று அம்மையார் கண்ணீர் விட்டார். மருத்துவர் இந்தியில் அளித்த விளக்கத்தை அவருக்குத் தமிழில் எடுத்துரைத்தேன். அதன் சாரம் வருமாறு:

மூச்சுக்குழலின் உட்சுவரில் நுண்மயிர்கள் தாங்கிய உயிரணுக்கள் நிறைந்துள்ளன. ஓரணுவில் ஏறத்தாழ 200 மயிர்கள் உண்டு. காற்றில் அலைபாயும் நெற்பயிர் போல அவை நொடிக்கு ஏறத்தாழ 10 முறை அசைகின்றன. அவற்றின்மேல் படர்ந்துள்ள கோழையில் தூசியும் கிருமியும் ஒட்டிக்கொள்கின்றன. மயிர்கள் அக்கோழையைத் தொண்டைவரை தள்ளிவிட, நாம் அறியாமலே அதனை விழுங்கிவிடுகிறோம்.

செருகிய குழாய் உயிரைக் காக்கின்றது. ஆனால் இயற்கையின் மூன்று காவல்களைக் குலைத்துவிடுகின்றது. முதலாவது, மூக்கு. உள்ளே செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரமூட்டுவது அதுவே. அவ்வழி தவிர்க்கப்பட்டு உலர்ந்த வாயு நேரே புகுந்தால், கோழை இறுகும். மயிர்களின் அசைவு தளரும். இரண்டாவது, மயிர்களின் பாதை. காற்று கசியாதிருக்கக் குழாயின் நுனியருகே ஊதப்பட்டுள்ள சிறு பலூன், மேலேறி வரும் கோழையைத் தடுத்து நிறுத்துகின்றது. மூன்றாவது, இருமல். குரல்வளை இறுக மூடித் திறந்தாலன்றி வலுவான இருமல் எழாது. இடையில் குழாய் இருக்க, அது மூடுவது எங்ஙனம்? மேலும், கிருமி கலந்த எச்சில் பலூனுக்கு மேலே தேங்கிச் சிறிது சிறிதாகக் கீழே கசிந்தால், நிமோனியா மீண்டும் தாக்கக்கூடும்.

ஆகவே, இழந்த காவல்களின் பணியை மனிதர் ஏற்கின்றனர். செல்லும் வாயுவுக்கு வெப்பமும் ஈரமும் ஊட்டுகின்றனர். வாயைத் தூய்மை செய்கின்றனர். தலைப்புறத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைக்கின்றனர். கோழை தேங்கும்போது உறிஞ்சி எடுக்கின்றனர். தேவையின்றி உறிஞ்சினால் உட்சுவர் புண்படும். வேண்டியபோது உறிஞ்சாவிடில் மூச்சு அடைபடும்.

மறுநாள் செவிலி வந்தபோது அம்மையார் முகத்தைத் திருப்பவில்லை. கணவரின் கையைப் பற்றிக்கொண்டு நின்றார். சில நாட்களில் குழாய் அகற்றப்பட்டது. அவர் பலமாக இருமியதைக் கேட்டு எல்லோருக்கும் முன்னதாக மகிழ்ந்தவர் அம்மையார்தாம்.

அயல்மாநிலத்தில் வாழும் நமக்கு இத்தகைய வேளை நேர்ந்தால், வசதி கருதித் தலைப்புறத்தை நாமாகவே தாழ்த்தலாகாது. மொழி விளங்காவிடில், விளக்கிச் சொல்ல வல்ல ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.