புதிய பயிற்சியாளரும் புதிய ஆட்டக்காரரும்

உதைபந்தாட்டம் என்றவுடன் நம் கல்லூரி மாணவர்க்கு நினைவில் எழுவது, மாலை வேளையில் மைதானத்திலே இருபுறமும் பதினொருவர் நின்று, கையால் தொடாது காலாலும் தலையாலும் உருண்டைப் பந்தைச் செலுத்தும் ஆட்டமேயாம். அமெரிக்க ஐக்கிய நாட்டார் அப்பெயரால் வழங்கும் ஆட்டமோ வேறு. அங்கே பந்து முட்டை வடிவினது. அதனைக் கையில் ஏந்தி ஓடுவர், தோழனுக்கு எறிவர், ஓடுவோனை எதிர்க் கட்சியார் பற்றி வீழ்த்துவர். தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டே களம் புகுவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜ தூரம் முன்னேறுதல் வேண்டும். தவறினால் பந்து எதிர்க் கட்சியாரைச் சேரும். இவ்வாட்டத்தின் நுட்பங்களை விரித்துரைப்பது என் கருத்தன்று. அந்நாட்டுக் கல்லூரிகள் இவ்வாட்டத்திற்கு மாணவரை எங்ஙனம் தேடிச் சேர்க்கின்றன என்பதையும், பயிற்சியாளர் மாறுங்கால் அத்தேர்வு எவ்வாறு நிலைகுலைகின்றது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அங்குத் தேடப்படுவோர் பதினேழு, பதினெட்டு வயதினர். இதனை எழுதுவோன் அவ்வயதைக் கடந்து ஓராண்டே ஆகின்றது. ஆதலின் இப்பொருள் எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

முதற்கண் வரலாறு சிறிது அறிதல் வேண்டும். 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரியாரும் பிரின்ஸ்டன் கல்லூரியாரும் பக்கத்திற்கு 25 பேராக நின்று ஆடினர். ரட்கர்ஸ் 6-க்கு 4 என வென்றது. கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதல் ஆட்டம் இதுவென்பர். அன்று ஆடினோர் மாணவர். ஆட்டத்தை அமைத்தோரும் மாணவரே. காலப்போக்கில் ஆட்டம் பெருகிற்று. காண்போர் தொகை பெருகிற்று. பொருளும் புகழும் அதன்பின் வந்தன. முரட்டுத்தனத்தால் மாணவர் பலர் உயிரிழந்தமையின், 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் பிரதிநிதிகளைத் தம் மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே கல்லூரிகளின் சங்கமொன்று தோன்றி, 1910-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் பெற்றது. ஆட்டக்காரரைப் பொருள் காட்டி இழுக்கும் வழக்கத்தை 1929-இல் கார்னெகி அறநிலையத்தின் அறிக்கை வன்மையாகக் கண்டித்தது. ஆயினும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. ஈற்றில் 1956-இல், குடும்பத்தின் வறுமை செல்வம் நோக்காது, ஆட்டத் திறமை ஒன்றிற்காகவே உபகாரச் சம்பளம் வழங்கலாம் என்று சங்கம் இசைந்தது. ஹார்வர்டு, யேல் முதலிய எட்டுக் கல்லூரிகள் அடங்கிய ஐவி வகுப்பார் மட்டும் இன்றளவும் ஆட்டத்திற்கென உபகாரச் சம்பளம் அளிப்பதில்லை.

இனி, தேடும் முறையைக் காண்போம். நம் நாட்டில் மாணவன் விண்ணப்பத் தாளைக் கையிற் கொண்டு கல்லூரியை நாடிச் செல்கின்றான். அங்கோ, ஆட்டத்தில் வல்ல மாணவனை நாடிக் கல்லூரி செல்கின்றது. தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். அவருக்குத் துணையாகத் தாக்கும் படைக்கு ஒரு தலைவர், காக்கும் படைக்கு ஒரு தலைவர், அவர்கட்குக் கீழ் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வோர் ஆசிரியர் என ஒரு குழுவே உண்டு. நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு இவர்கள் உயர்நிலைப் பள்ளிதோறும் செல்வர். ஆட்டத்தின் படச் சுருள்களைப் பல முறை பார்ப்பர். மாணவனின் வேகம், உடற்கட்டு, தேர்வு மதிப்பெண், ஒழுக்கம் ஆகியவற்றை விசாரிப்பர். மனம் இசைந்தால் வீட்டிற்கே சென்று தாய் தந்தையரோடு அமர்ந்து பேசுவர். எந்நாளில் நேரிற் காணலாம், எந்நாளில் காணலாகாது என்பதற்கெல்லாம் சங்கத்தின் நாட்குறிப்பு உண்டு.

மாணவன் ஒரு கல்லூரிக்கு வருவதாக முதலில் வாய்மொழியாக உறுதி சொல்வான். அவ்வுறுதி இரு சாராரையும் கட்டுப்படுத்தாது. கையொப்ப நாளில் இடும் கையொப்பமே செல்லும். பல்லாண்டுகளாக அந்நாள் பிப்ரவரி மாதத்தில் அமைந்தது. 2017 முதல் டிசம்பர் மாதத்திலும் ஒரு கையொப்பக் காலம் ஏற்பட்டது. இக்காலத்தே மிகப் பெரும்பாலோர் டிசம்பரிலேயே கையொப்பமிட்டு விடுகின்றனர். சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது. ஆட்டப் பருவம் முடிவது நவம்பர் இறுதியில். தோற்ற கல்லூரிகள் பயிற்சியாளரை விலக்குவதும், வென்ற பயிற்சியாளரைப் பெருங் கல்லூரிகள் அழைத்துக்கொள்வதும் அந்நாட்களில்தான். புதிதாக வருவோர், வந்த சில நாட்களுக்குள்ளேயே, தாம் தேர்ந்தெடாத மாணவரிடம் கையொப்பம் பெற வேண்டியவராகின்றனர்.

அவர் முன் நிற்கும் பணிகள் மூன்று. முன்னைய பயிற்சியாளரை நம்பி ஏற்கெனவே கல்லூரியிற் பயிலும் ஆட்டக்காரரை நிறுத்திக்கொள்ளுதல் ஒன்று. வருவதாக உறுதி கூறிய பள்ளி மாணவரை மறுபடியும் கண்டு இசைவித்தல் இரண்டு. பிற கல்லூரிகளிலிருந்து விலகி வருவோரைச் சேர்த்தல் மூன்று. இவற்றிற்கிடையே தம் துணைவர் குழுவையும் அவர் அமைத்தாக வேண்டும். என்னை? மாணவன் வீட்டு வாசலை அறிந்தவர் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளரே. அவர் வேறு கல்லூரிக்குச் சென்றால் மாணவன் மனமும் அவர் பின்னே செல்லும்.

இவையன்றி, ஆட்ட முறையாலும் ஓர் இடையூறு உண்டு. ஒரு பயிற்சியாளர் பந்தை ஏந்தி ஓடும் முறையை விரும்புவர். மற்றொருவர் நெடுந்தூரம் எறியும் முறையை விரும்புவர். குவார்ட்டர்பாக் எனப்படுவோனே தாக்குதலை நடத்துபவன். ஓட்டத்திற் சிறந்தவன் எனத் தெரிந்தெடுக்கப்பட்ட குவார்ட்டர்பாக், எறிதலையே நம்பும் புதிய முறையில் ஓரத்தில் நிற்க நேரும். அவன் திறமை குன்றிற்றில்லை. அதனை அளக்கும் கோலே மாறிற்று.

இவற்றை விளக்க 2024-ஆம் ஆண்டு ஜனவரி மாத நிகழ்ச்சி ஒன்றே சாலும். அலபாமா பல்கலைக் கழகத்தில் 17 பருவங்கள் பயிற்சியாளராயிருந்து ஆறு முறை தேசிய வெற்றி பெற்றுத்தந்த நிக் சேபன், அம்மாதம் 10-ஆம் நாள் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். இரண்டே நாட்களில், வாஷிங்டன் பல்கலைக் கழகத்தின் பயிற்சியாளர் கேலன் டிபோர் அவ்விடத்திற்கு வந்தார். அவர் அவ்வாரத் தொடக்கத்திற்றான் தம் மாணவரைத் தேசிய இறுதியாட்டத்திற்கு அழைத்துச் சென்று மிஷிகனிடம் தோற்றிருந்தார். வாஷிங்டன், அரிசோனாவிலிருந்து ஜெட் ஃபிஷ்ஷை அழைத்துக்கொண்டது. அரிசோனா, சான் ஹோசே மாநிலப் பல்கலைக் கழகத்திலிருந்து பிரென்ட் பிரென்னனை அழைத்துக்கொண்டது. சான் ஹோசேயும் வேறொருவரைத் தேடியது. ஒருவர் ஓய்வு பெற, நான்கு கல்லூரிகளின் மாணவர் தம் தலைவரை இழந்தனர்!

தலைமைப் பயிற்சியாளர் நீங்கினால் அக்கல்லூரி ஆட்டக்காரர் 30 நாட்களுக்குள் வேறு கல்லூரியை நாடலாம் என்பது அப்போதைய விதி. அலபாமாவின் முதலாண்டு மாணவரும் காவற் படையிற் சிறந்தவருமான கேலெப் டவுன்ஸ் ஒஹாயோ மாநிலப் பல்கலைக் கழகத்திற்குப் பெயர்ந்தார். அடுத்த ஜனவரியில் அக்கல்லூரி தேசிய வெற்றி பெற்றது. அலபாமாவிற்கு வருவதாக முன்னரே உறுதி கூறியிருந்த ரயன் வில்லியம்ஸ் என்னும் பள்ளி மாணவருக்கு அப்போது வயது பதினாறே. சேபன் விலகிய செய்தி கேட்டு அவர் தம் உறுதியைத் திரும்பப் பெற்றார். புதிய குழுவினர் அவரை மீண்டும் முதலிலிருந்தே நாட வேண்டியதாயிற்று. அம்மாதத்திற்குள் அவரும் மீண்டும் இசைந்தார். 2024 செப்டம்பர் 28-இல் ஜார்ஜியாவுடன் நடந்த ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் அவர் பந்தைப் பற்றி 75 கஜ தூரத்தைக் கடந்து வெற்றியைத் தேடித் தந்தபோது அவருக்கு வயது பதினேழு. புதிய பயிற்சியாளரின் சில நாள் உழைப்பு எத்தகைய பயனை விளைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதின்று.

பிற கல்லூரியிலிருந்து ஆள் சேர்த்தல் இவ்வளவு எளிதானது அண்மைக் காலத்திலேதான். முன்னாளில் கல்லூரி மாறும் ஆட்டக்காரன் ஓராண்டு ஆடாதிருத்தல் வேண்டும். 2018 அக்டோபரில் மாற விரும்புவோர்க்கெனப் பொதுப் பதிவேடு ஒன்று ஏற்பட்டது. 2021-இல் ஒரு முறை மாறுவோர்க்கு அவ்வோராண்டுத் தடை நீங்கிற்று. 2024-இல் எத்துணை முறை மாறினும், படிப்பில் தேர்ச்சியிருப்பின், தடையில்லை என்றாயிற்று.

இதன் விளைவைக் கொலராடோவில் காணலாம். 2022-இல் அப்பல்கலைக் கழகம் 12 ஆட்டங்களில் ஒன்றே வென்றது. அவ்வாண்டு இறுதியில் பயிற்சியாளராக வந்த டியான் சாண்டர்ஸ், இருந்த மாணவரைக் கூட்டி, பதிவேட்டிற் பெயர் கொடுத்துப் போவதற்கு ஆயத்தமாகுமாறு வெளிப்படையாகவே கூறினார். அடுத்த பருவத்தில் களத்தில் வந்து சேர்ந்த புதியோர் எண்பதின்மருக்கும் மேற்பட்டனர். 2023-இல் நான்கும், 2024-இல் ஒன்பதும் வெற்றிகள் கிடைத்தன. அவருடன் வந்த டிராவிஸ் ஹன்டர் 2024-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர்க்குரிய ஹைஸ்மன் பரிசைப் பெற்றார். இந்தியானாவிலோ, கர்ட் சிக்னெட்டி 2023 இறுதியில் ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக் கழகத்திலிருந்து வந்தபோது, தம் முறையை நன்கறிந்த ஆட்டக்காரர் பத்துப் பேருக்கு மேல் தம்முடன் அழைத்து வந்தார். முந்திய பருவத்தில் மூன்றே வென்ற கல்லூரி, 2024-இல் பதினொன்று வென்றது. ஒருவர் பழைய வீட்டை இடித்துக் கட்டினார். மற்றவர் தம் வீட்டுத் தூண்களையே பெயர்த்துக்கொண்டு வந்து நட்டார். இருவர்க்கும் வெற்றி கிட்டிற்று. ஆயின், கொலராடோவினின்றும் வெளியேறியோர் பெயரும், தலைவரையும் தோழரையும் ஒருங்கே இழந்து ஜேம்ஸ் மாடிசனில் நின்றோர் பெயரும் வெற்றிக் கணக்கில் வாரா.

பொருளும் இதனுள் புகுந்துவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்குக் கொடுத்து ஊதியம் பெறலாம் என்றாயிற்று. 2025 ஜூன் 6-இல் நீதிமன்றம் ஒப்பிய உடன்படிக்கையால், கல்லூரிகளே தம் விளையாட்டு வருவாயில் ஒரு பகுதியை மாணவர்க்கு நேரே பகிர்ந்தளிக்கலாயின; முதலாண்டிற்கு அதன் உச்சவரம்பு கல்லூரி ஒன்றிற்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர். அவ்வுடன்படிக்கையை ஏற்ற கல்லூரிகளில், உபகாரச் சம்பளம் பெறுவோர் 85 பேர் என்ற பழைய எல்லை நீங்கி, உதைபந்துக் குழுவில் 105 பேருக்கு மேல் இருத்தலாகாது என்ற எல்லை வந்தது. ஆகவே புதிய பயிற்சியாளர் இன்று ஆசிரியராக மட்டுமின்றிக் கணக்கராகவும் இருத்தல் வேண்டும். அச்சுமையைத் தாங்கப் பொது மேலாளர் என்னும் பதவியும் தோன்றியுள்ளது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகம் தன் பழைய மாணவரும் பெயர்பெற்ற ஆட்டக்காரருமான ஆண்ட்ரூ லக்கை 2024 நவம்பரில் அப்பதவியில் அமர்த்தியது.

நிற்க. இம்மாற்றங்கள் நல்லனவோ தீயனவோ என வினவுவார்க்கு ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. பயிற்சியாளர் இன்று ஒரு கல்லூரியிலும் நாளை மற்றொரு கல்லூரியிலும் தடையின்றி ஆட்டம் நடத்த, அவரை நம்பி வந்த மாணவன் மட்டும் ஓராண்டு வாளா இருத்தல் முறையோ? முறையன்று. அத்தடை நீங்கியது நீதியே. ஆயினும், முதிர்ந்த ஆட்டக்காரரைப் பிற கல்லூரிகளிலிருந்து கொள்ளும் வழி எளிதாயின், இளையோனைச் சேர்த்துப் பொறுமையாகப் பழக்கும் பயிற்சியாளர் அருகுவர். பள்ளியினின்றும் வருவோர்க்கு இடமும் சுருங்கும். ஒருவனுக்கு வாயிலைத் திறந்த விதியே மற்றொருவனுக்கு அதனை அடைக்கின்றது.

1964 முதல் 2024 வரை வழக்கிலிருந்த தேசிய உறுதிப் பத்திரத்தில், மாணவன் உடன்படுவது கல்லூரியோடேயன்றிப் பயிற்சியாளரோடு அன்று என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. சட்டப்படி அது சரியே. ஆனால் பதினேழு வயதுச் சிறுவனின் வீட்டுக் கூடத்தில் வந்தமர்ந்து, அவன் தாய்க்கு வாக்குக் கொடுத்தது கல்லூரிக் கட்டடமன்று, ஒரு மனிதர். அவன் மனிதரை நம்பினான். பத்திரமோ கட்டடத்தைக் காட்டிற்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரமே இவ்வேற்பாட்டின் துயரமெல்லாம்.

இவ்வாறிருப்ப, அச்சிறுவன் எதனைத் தேர்தல் வேண்டும்? கல்லூரியில் இவ்வாட்டம் ஆடுவோருள் தொழில்முறை ஆட்டக்காரராவோர் நூற்றுக்கு இருவரினும் குறைவு. எஞ்சியோர்க்கு உடன் வருவது அவர் கற்ற கல்வியும் பெற்ற நட்புமே. ஆகவே, பயிற்சியாளர் நாளையே நீங்கினும், தன் கால் களத்தில் ஒடியினும், நான்காண்டும் மகிழ்ந்து தங்கிப் படிக்க விரும்பும் கல்லூரி எதுவோ அதனையே அவன் தேர்தல் நலம். புதிய பயிற்சியாளரும், தாம் தேர்ந்தெடாத மாணவனும் தம்மிடம் ஒப்புவிக்கப்பட்டவனே என்பதை நினைவிற் கொள்ளுதல் கடன்.

நம் வகுப்புக்களிலும் ஆண்டின் நடுவே ஓர் ஆசிரியர் மாற்றம் பெற்றுச் சென்றால் சில நாள் பாடம் தடுமாறும், மனமும் தடுமாறும். ஆயினும் நூல் நிலையம் அங்கேயே இருக்கும்; தோழர் இருப்பர்; புதிய ஆசிரியர் வந்து முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக அழைப்பார். தம் பெயரும் அப்பட்டியலில் உண்டு என்று கேட்கும் அந்த ஒரு கணத்தின் அமைதியைத்தான், கடல் கடந்த அந்நாட்டு இளைஞர் பலர் ஒவ்வொரு டிசம்பரிலும் எதிர்நோக்கி நிற்கின்றனர்.