கன்னத்தில் ஊறும் புகையிலை

நடவு வயலில் நிற்கும் பெண்களின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை செருகியிருக்கும். உள்ளே வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, கிள்ளிய புகையிலை. காவிரி டெல்டாவுக்கு இவையெல்லாம் அயல் சரக்கல்ல. வெற்றிலைக்குக் கும்பகோணம், புகையிலைக்கு வேதாரண்யம். விடிந்ததும் சேற்றில் இறங்கினால் உச்சிவேளை வரை குனிந்த முதுகு நிமிராது. “போயிலைய அடக்கிக்கிட்டா பசி தெரியாது” என்பார்கள். பொய்யில்லை, நிகோட்டின் பசியை மந்தப்படுத்தும்.

அது ஊறிக்கிடக்கும் இடத்தில் நடப்பது வேறு. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் கன்னச் சதையில் நார்ப்புரதத்தை அளவுக்கு மீறிச் சேரவைக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்குச் சாறு செல்களின் மரபணுவைத் தாக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. புகையிலையின் நைட்ரோசமைன்கள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. புகையிலை சேர்க்காத தாம்பூலமும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட அறிக்கை தீர்த்துச் சொன்னது. இங்கே இது பழைய செய்தி. சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்லாக் 1902இலேயே கன்னப் புற்றையும் தாம்பூலத்தையும் முடிச்சுப்போட்டு எழுதியிருக்கிறார்.

முதல் அறிகுறி பெரும்பாலும் வலி அல்ல, காரம் தாங்காது. குழம்பில் மிளகாயைக் குறைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். பிறகு வாய் இறுகும். நடுமூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் கன்னம் நாராகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிலருக்கு அடக்கிவைக்கும் பக்கத்தில், தேய்த்தாலும் போகாத வெண்படலம் தோன்றும். அதுவும் வலிக்காது. ஆறாத புண்ணாகி, கழுத்தில் நெறிகட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரி நினைவு வரும்.

இந்த வெற்றிலை–புகையிலைப் பழக்கத்தைக் குடிப்பழக்கம் போலத் தனிமனிதக் குறையாகப் பேசுவது நமக்கு வசதியாக இருக்கிறது. நிலம் வைத்திருப்பவரும் விருந்துக்குப் பின் தாம்பூலம் தரிக்கிறார். பசியை மறக்க அவருக்கு அது தேவையில்லை. டெல்டாவின் நிலமற்ற கூலிகளில் பெரும்பாலோர் தலித்துகள். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களோடு சுருக்குப்பையும் போனது. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 7 சதவீதம்தான். ஆனால் வாய்ப்புற்று விகிதம் அவர்களிடையே, அதிலும் பெண்களிடம், மிக அதிகம். சபா, சரவாக் பழங்குடிகளிடமும் வாய்ப்புற்றுக்கு முந்தைய படலங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. தைவான் பழங்குடிகளிடமும் பாக்குப் பழக்கமும் அது தரும் புற்றும் மற்றவர்களைவிட மிகுதி. இனம் வேறு, கடல் வேறு. உடலுழைப்பும் மருத்துவமனைக்கு இருக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேதனை என்னவென்றால், இது கண்ணுக்குத் தெரியும் புற்று. ஸ்கேன் வேண்டாம், ஒரு டார்ச் விளக்கு போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் மருத்துவர் சங்கரநாராயணன் குழு தொடங்கிய ஆய்வில் சுமார் 1.9 லட்சம் பேர் இருந்தார்கள். ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. 2005இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே அந்தப் பாதியில் வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி 1959 முதல் இருக்கிறது. காப்பீட்டு அட்டையும் பலரிடம் உண்டு. ஆனால் வலிக்காத ஒன்றைக் காட்ட நடவுக் காலத்தில் ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? பரிசோதனை வயலுக்கு வர வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீடு தேடி வரும் பணியாளர், அதே நடையில் டார்ச்சை அடித்து வாயையும் பார்த்துவிடலாம். நூறு நாள் வேலைத் தளத்தில் வருகைப் பதிவு எடுக்கிற நேரத்திலேயே ஒரு வரிசையை முடித்துவிட முடியும். வெண்படலம் தெரிந்தவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும்போது பஸ் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும்.