மாவுப்பூச்சியும் ஒரு சிறு குளவியும்

நுழையும்முன்

பிறந்த நாட்டில் பெருந்தொல்லை தராத ஒரு பூச்சி, வேற்று நாட்டுக்குள் புகுந்ததும் தோட்டங்களை அழிப்பது ஏன்? அதனை அடக்குவதற்குக் கடல்கடந்து இன்னொரு பூச்சியைக் கொண்டுவருவது அறிவுடைமையா, ஆபத்தா? தமிழகத்தின் பப்பாளித் தோட்டங்களில் 2008ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் அவ்வூரைச் சிப்காட் தொழிற்பேட்டையாகவே அறிவர். சாலையை விட்டு உட்புறம் சென்றால் நெல்வயல்களும் மாந்தோப்புகளும் கொய்யாத் தோட்டங்களும் காணக் கிடைக்கும். அவற்றுள் பல சிறு உடைமைகள். ஆலையில் முறைப்பணி முடித்து வந்து, மாலையில் மரங்களுக்கு நீர் பாய்ச்சுவோரும் அங்கு உளர். இலையில் வெள்ளையாக ஏதேனும் படர்ந்தால், அவர்கள் அவ்விலையைக் கிள்ளியெடுத்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குச் செல்வதே வழக்கம். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் புட்டியே அன்றைய மருத்துவம்.

இதே மாவட்டத்தின் கடற்கரையில் எண்ணூர்க் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் உள்ளன. உலகின் பல மூலைகளிலிருந்து சரக்குகள் வந்திறங்கும் வாயில்கள் இவை. சரக்கோடு பூச்சியும் வரக்கூடும் என்னும் அச்சம் புதியதன்று. 1914ஆம் ஆண்டிலேயே அயல்நாட்டுப் பூச்சிகளும் நோய்களும் நுழைவதைத் தடுக்க இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டது. இன்று இறக்குமதியாகும் எந்திரத்தைச் சுற்றியுள்ள மரச்சட்டத்திற்குக்கூட விதியுண்டு. மரத்தின் உட்பகுதிவரை 56 பாகை செல்சியசு வெப்பம் 30 நிமிடம் நிலைக்குமாறு சூடேற்றப்பட்டு, அதற்கான முத்திரை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு முறைகளுள் ஒன்று. மரத்தைத் துளைக்கும் வண்டுகளை அது தடுக்கும். ஆயினும் ஒரு பயணியின் பையிலுள்ள பழத்திலோ, ஆசையாகக் கொண்டுவரும் அழகுச்செடியின் இலையடியிலோ ஒட்டிக்கொண்டுவரும் உயிர்கள் காவலைக் கடந்துவிடுகின்றன.

வந்தேறிய வெள்ளைப் படலம்

அவ்வாறு நுழைந்தவற்றுள் ஒன்று பப்பாளி மாவுப்பூச்சி. 2008ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கோயம்புத்தூரில் பூச்சியியல் அறிஞர் ஆர். முனியப்பன் இதனைக் கண்டறிந்தார். இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். 1990களில் கரீபியத் தீவுகளில் பரவி, 1998இல் அமெரிக்காவின் புளோரிடாவை அடைந்து, பின்னர்ப் பசிபிக் தீவுகள் வழியே ஆசியாவை எட்டியது. இந்தியாவில் காணப்பட்ட அதே ஆண்டில் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் இது தென்பட்டது.

பெண்பூச்சிக்குச் சிறகில்லை. மஞ்சள்நிறமான அதன் உடல்மீது வெண்ணிற மெழுகுத்துகள் மாவு தூவியதுபோல் மூடியிருக்கும். உடலின் பின்புறத்தில் பஞ்சுபோன்ற பையொன்றை அமைத்து, அதனுள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் புள்ளியளவே இருக்கும். அவை ஊர்ந்து செல்லும். காற்றில் மிதந்து அடுத்த தோட்டத்தை அடையும். மனிதரின் ஆடையிலும் கருவியிலும் ஒட்டிக்கொள்ளும். இலையின் அடிப்புறத்திலும் தண்டிலும் காயிலும் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். இலை சுருளும், மஞ்சளாகி உதிரும், காய் வெள்ளைப்படலத்தில் மூழ்கும்.

உறிஞ்சிய சாற்றில் மிகுந்த சர்க்கரையை இப்பூச்சி தேன்போன்ற நீர்மமாக வெளியேற்றுகிறது. அது இலையில் வடிந்த இடத்தில் கரும்பூசணம் வளர்ந்து, இலைமீது விழும் ஒளியை மறைக்கிறது. அந்த இனிப்பை நாடி எறும்புகளும் வருகின்றன. மாவுப்பூச்சியைத் தின்னவரும் உயிர்களை எறும்புகள் விரட்டியடிக்கின்றன. மாடு மேய்ப்பவர் மந்தையைக் காப்பதுபோன்ற காவல் இது; பாலுக்குப் பதிலாக இங்கே இனிப்புநீர்.

பெயரில் பப்பாளி இருப்பினும் இப்பூச்சி அதனோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி, தேக்கு என அறுபதுக்கும் மேற்பட்ட செடிவகைகளில் அதனால் வாழ முடிந்தது. சாலையோரப் பார்த்தீனியமும் அதற்கு இடமளித்தது. மல்பெரி இலை கெட்டபோது பட்டுப்புழு வளர்ப்போரின் பிழைப்பும் ஆட்டங்கண்டது. கொங்குப் பகுதியில் பல உழவர்கள் பப்பாளி மரங்களை வெட்டியெறிந்தனர்.

மருந்து தோற்ற இடம்

உழவர்கள் பூச்சிமருந்தையே முதலில் நாடினர். மெழுகுப்போர்வையில் பட்ட மருந்துநீர் வழிந்தோடியது. பையினுள் இருந்த முட்டைகளை அது தொடவேயில்லை. ஒரு தோட்டம் தூய்மையானாலும் வேலியோரக் களைச்செடியிலிருந்து பூச்சி மீண்டும் வந்தது. ஆகவே மறுபடியும் தெளித்தனர். மருந்தை மாற்றித் தெளித்தனர். செலவு ஏறியதேயன்றிப் பூச்சி குறையவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்தது. நம் மண்ணில் மாவுப்பூச்சிகளைத் தின்னும் உயிர்கள் முன்பே உள்ளன. ஒருவகைச் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு, இலையைத் தின்னாமல் மாவுப்பூச்சியையே உண்டு வளர்கிறது. புழுவாகையில் தானும் வெண்மாவு பூசியதுபோல் தோன்றும் இயல்புடையது அது. 1898ஆம் ஆண்டு காப்பித் தோட்டங்களின் செதிற்பூச்சியை ஒழிக்க ஆசுதிரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பொறிவண்டினமும் தென்னிந்தியாவில் நிலைபெற்றிருந்தது. இவை மாவுப்பூச்சிக் கூட்டங்களைத் தின்றன. ஆனால், பெருகும் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. மருந்து தெளித்த தோட்டங்களில் இந்நண்பர்களும் மடிந்தனர்.

பகையைப் பிறந்தகத்தில் தேடுதல்

மெக்சிகோவில் இப்பூச்சி ஏன் பேரழிவு செய்யவில்லை? அங்கு அதனோடு நெடுங்காலம் வாழ்ந்துவந்த இயற்கைப் பகைகள் அதனை அடக்கிவைத்திருந்தன. பூச்சி கடல்கடந்தபோது பகைகள் பின்தங்கின. எனவே பகையைப் பிறந்தகத்தில் தேடிக் கண்டு, பூச்சி சென்ற நாட்டில் குடியேற்றுவதே தீர்வாகும். வேளாண் அறிவியல் இதனை மரபுவழி உயிரியல் கட்டுப்பாடு என்கிறது.

இக்கருத்துக்குச் சென்னையோடு பழைய தொடர்பொன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை இங்கு வளர்க்க விரும்பினர். மருத்துவர் சேம்சு ஆண்டர்சன் அப்பூச்சிக்கு உணவாகும் சப்பாத்திக்கள்ளியைச் சைதாப்பேட்டையருகே தோட்டமாகவே வளர்த்தார். 1795இல் பிரேசிலிலிருந்து வந்துசேர்ந்ததோ தரமான சாயம் தராத வேற்றினப் பூச்சி. சாயத்தொழில் பொய்த்தது. எனினும் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்ததைக் கண்டோர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைக் கள்ளி மண்டிய தென்னிந்தியப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் வேண்டுமென்றே கொண்டுசென்றனர். களையை அழிக்கப் பூச்சியை ஏவிய உலகின் முதல் முயற்சிகளுள் ஒன்று இதுவே.

பப்பாளி மாவுப்பூச்சிக்கான பகையை அமெரிக்க வேளாண்துறை அறிஞர்கள் மெக்சிகோவில் முன்னரே தேடிக் கண்டிருந்தனர். போர்ட்டோ ரிக்கோவில் அவற்றை வளர்த்தும் வந்தனர். இலங்கை 2009இல் அவற்றைப் பெற்றுக்கொண்டது. இந்தியாவிற்கு 2010இல் மூவகைக் குளவிகள் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகத்திற்கு வந்துசேர்ந்தன. அவை உடனே தோட்டத்தில் விடப்படவில்லை. பட்டுப்புழு, நன்மைதரும் பூச்சிகள் முதலியவற்றுக்குத் தீங்கு செய்யுமா என்பது அடைத்த ஆய்வறைகளில் ஆராயப்பட்டது. ஐயம் தீர்ந்த பின்னரே, 2010 அக்டோபரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வெளியீடு தொடங்கியது. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியே உழவர்க்கு வழங்கினர்.

குளவி என்றவுடன் கொட்டும் குளவியை நினைத்தல் வேண்டா. அசெரோபேகசு பப்பாயே என்னும் இக்குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதரைக் கொட்டாது. பெண்குளவி தன் உணர்கொம்புகளால் இளம் மாவுப்பூச்சியைத் தட்டித் தடவி அறிந்து, முட்டையிடும் ஊசியை அதன் உடலில் செலுத்தி முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியின் உள்ளுறுப்புகளைத் தின்று வளரும். பூச்சியின் உடல் உப்பி, இறுகி, பழுப்புக் கூடாகும். இரண்டு மூன்று வாரங்களில் அக்கூட்டில் வட்டத்துளை இட்டுப் புதிய குளவி வெளிவரும். மாவுப்பூச்சி எங்கே மிகுகிறதோ அங்கே குளவியும் மிகும். அது குறையுமிடத்தில் இதுவும் குறையும். எனவே மாவுப்பூச்சி அடியோடு அழிவதில்லை. பயிருக்குத் தீங்கற்ற அளவில் தங்கிவிடுகிறது. அதில் சிறிதளவு எஞ்சியிருந்தால்தான் குளவியும் எஞ்சும்.

வெளியிட்ட சில திங்களிலேயே பயன் தெரிந்தது. வெட்டப்பட்ட தோட்டங்களில் மீண்டும் பப்பாளி நடப்பட்டது. ஐந்தாண்டுகளில் இந்தியா அடைந்த நன்மை 50 கோடி அமெரிக்க டாலருக்கும் மிகும் என 2014இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டது. இக்குளவிக்கு விற்பனையாளர் இல்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் அது வேலி பார்ப்பதில்லை. பணம் கொடுத்தவர் தோட்டம், கொடாதவர் தோட்டம் என்று பிரிப்பதில்லை. இலாபம் ஈட்ட வழியில்லாத இப்பணியை அரசு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மேற்கொண்டமையால்தான் அரை ஏக்கர் உழவருக்கும் பயன் கிட்டியது.

தேரையின் பாடம்

எல்லா முயற்சிகளும் இவ்வாறு முடிந்தன அல்ல. 1935இல் கரும்பு வண்டுகளை ஒழிக்க ஆசுதிரேலியாவின் குயின்சுலாந்துக்குத் தென்னமெரிக்கத் தேரையைக் கொண்டுசென்றனர். தேரை, கண்டதையெல்லாம் தின்னும் உயிர். கரும்பின் உச்சியில் இருந்த வண்டுகளை அது எட்டவில்லை. அதன் உடலின் நஞ்சோ, அதனைத் தின்னவந்த உள்நாட்டு விலங்குகளைக் கொன்றது. இன்றும் அந்நாடு அத்தேரையோடு போராடுகிறது. தேரைக்கும் குளவிக்கும் உள்ள வேறுபாடு உணவில் உள்ளது. ஒன்றையே நம்பி வாழும் உயிரைத்தான் வேற்று மண்ணில் விடலாம். பலவற்றைத் தின்னும் உயிரை விடலாகாது. ஆய்வறையில் செலவான திங்கள்கள் இவ்வேறுபாட்டை உறுதிசெய்வதற்கானவை.

குளவி தானே வந்த கதையும் உண்டு. 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ காணப்பட்டது. தென்னையோடு வாழை, மா, கொய்யா ஆகியவற்றையும் அது தாக்கியது. ஆராய்ந்தபோது, அதன் பகையான என்கார்சியா என்னும் குளவியும் உடன் இருந்தது தெரியவந்தது. யாரும் கொண்டுவரவில்லை, ஈயோடு அதுவும் பயணம் செய்து வந்திருக்க வேண்டும். அதனால் வல்லுநர்கள் வழங்கிய அறிவுரை உழவர்க்கு வியப்பளித்தது: மருந்து தெளிக்க வேண்டா, மஞ்சள் ஒட்டும்பொறி கட்டுக, நீரைப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுக, குளவி நிறைந்த இலைத்துண்டுகளைக் குளவியில்லாத மரங்களில் பொருத்துக.

காத்திருத்தல் எளிதன்று. கடன் வாங்கிப் பயிரிட்டவர், இலை கறுப்பதைப் பார்த்துக்கொண்டு வாளா இருத்தல் கடினம். கடையில் மருந்து அன்றே கிடைக்கிறது; குளவி பெருக வாரங்கள் வேண்டும். அந்த இடைவெளியில் ஒருவர் அடிக்கும் மருந்து, அண்டைத் தோட்டத்துக் குளவியையும் கொல்லக்கூடும். தெளிக்குமுன் தாக்குண்ட இலையைத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது பயன்தரும். பழுப்பேறி இறுகிய கூடுகளும் அவற்றில் வட்டத்துளைகளும் தென்பட்டால் குளவி வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கு எறும்புப் புற்றை அகற்றுவதும் களையைக் களைவதும் மட்டுமே உழவர் செய்ய வேண்டியவை.

2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் காணப்பட்டு, தமிழகத்திலும் பரவியது. 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்த குளவியினத்தை இம்முறை பெனின் நாட்டிலிருந்து பெற்றனர். ஆய்வுகள் முடிந்து, 2022 மார்ச்சுத் திங்களில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.