இரு வால்வுகளின் கூட்டுழைப்பு

பெருமரத்தை அறுக்கும் இருவரைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் ரம்பத்தைத் தம்பால் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்கிறார். அடுத்த கணம் முறை மாறுகிறது. ‘புஷ்-புல்’ ஆம்ப்ளிஃபயரில் இரண்டு வால்வுகள் இவ்வாறே உழைக்கின்றன.

1954-ஆம் ஆண்டில் மல்லார்டு நிறுவனம் வெளியிட்ட ‘5-10’ என்னும் அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து வால்வுகள், பத்து வாட் என்பதே பெயரின் பொருள். அதன் இறுதிக் கட்டத்தில் இரண்டு இஎல் 84 வால்வுகள் உள்ளன. அவற்றுக்கு முன்னுள்ள வால்வு, ஒலிக்குறிப்பை எதிரெதிராக எழுந்து விழும் இரு வடிவங்களாக்கி, இரண்டுக்கும் பகிர்ந்தளிக்கிறது. ஒன்றில் மின்னோட்டம் ஏறும்போது மற்றதில் இறங்கும். டிரான்ஸ்பார்மரின் நடுமுனையிலிருந்து இருபுறமும் பிரிந்து பாயும் நேர்மின்னோட்டங்கள், இரும்பு உள்ளகத்தில் உண்டாக்கும் காந்த விளைவை ஒன்றுக்கொன்று ஈடுசெய்கின்றன. இரட்டைப்படை மேற்சுரங்களால் எழும் திரிபும் குறைகிறது. இவை நிகழ, இரு வால்வுகளும் ஒத்திருத்தல் வேண்டும்.

பழைய வானொலிப் பெட்டிகளிலிருந்து வால்வுகளையும் சாக்கெட்டுகளையும் பவர் டிரான்ஸ்பார்மரையும் திரட்டலாம். ஆயினும், இறுதிக் கட்டத்தில் ஒரே வால்வு கொண்ட பெட்டியின் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உதவாது. அதற்கு நடுமுனை இல்லை. முதிர்ந்த எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை நீக்கிப் புதியன இடுக.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர். மின்தொடர்பைத் துண்டித்த பின்னும் கண்டென்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். தக்க மின்தடை வழியே அதனை வடித்து, மீட்டரால் சோதித்த பின்னரே கை வையுங்கள். தொழிலறிந்தவர் ஒருவர் அருகிருக்கட்டும். பழம்பொருள் மீண்டும் பாடும். போன உயிர் மீளாது.