பனித்தள வீராங்கனை

குளிர்மிக்க நாடுகளில் மாரிக்காலம் வந்ததும் ஏரிகளும் குளங்களும் உறைந்து கற்பாறைபோல் இறுகிவிடும். அத்தகைய நாடுகளுள் ஒன்றாகிய ஸ்காட்லாந்தில், உறைந்த நீர்ப்பரப்பின்மீது கல்லைச் சறுக்கிவிட்டு விளையாடும் பழக்கம் பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தது. அவ்விளையாட்டே கர்லிங் என்பதாகும். பிற்காலத்தில் அது கடல் கடந்து கனடா நாட்டிற் சென்று வேரூன்றி, அந்நாட்டு மக்களின் பெருவிருப்பத்திற்கு உரியதாயிற்று.

கர்லிங் ஆடுதளம் ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ளது. அதன் கோடியில், 12 அடிக் குறுக்களவுள்ள வட்டம் ஒன்று பனிக்கட்டியின்மீது வரையப்பட்டிருக்கும். ஓர் அணிக்கு நால்வர். ஒவ்வொருவரும் ஒரு சுற்றில் இரண்டு கற்களை விடுவர். கல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ளது. கருங்கல் வகையிற் செதுக்கி மெருகிட்டுக் கைப்பிடி பொருத்தியது. இரு அணியாரும் மாறி மாறிப் பதினாறு கற்களையும் விட்டபின், வட்டத்தின் நடுப்புள்ளிக்கு மிக அண்மையில் எவருடைய கல் நிற்கின்றதோ அவருக்கே அச்சுற்றில் வெற்றி.

விடும்பொழுது கைப்பிடியை மெல்லத் திருப்பிவிட்டால், கல் சுழன்றுகொண்டே சென்று இறுதியில் ஒருபக்கமாக வளையும். அணித்தோழர் இருவர் கல்லுக்கு முன்னே விரைந்து சென்று துடைப்பத்தால் பனிக்கட்டியைத் தேய்ப்பர். தேய்ப்பதனால் பரப்பு சிறிதே சூடேறி, உராய்வு குறைகின்றது; கல் சற்றுத் தொலைவு கூடுதலாகவும் வளைவு குறைந்தும் செல்கின்றது. மற்றொருவர் வட்டத்தருகே நின்று குறி காட்டுவார். ஆகவே, கல்லை விடுவது ஒருவர் கை. அதனை உரிய இடத்திற் சேர்ப்பது நால்வர் முயற்சி.

இவ்விளையாட்டில் உலகப்புகழ் எய்தியவர் சாண்ட்ரா ஷ்மெர்லர் அம்மையார். அவர் 1963ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11ஆம் நாள், கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பிகர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். உடற்பயிற்சிக் கல்வி பயின்று, ரெஜைனா நகரில் நீச்சற்குளம் ஒன்றிற் பணியாற்றி வந்தார். விளையாட்டு அவருக்குப் பொருளீட்டும் தொழிலன்று. பகலெல்லாம் உழைத்து, எஞ்சிய பொழுதிலேயே பயிற்சி செய்தார்.

ஜேன் பெட்கர், ஜோன் மக்கஸ்கர், மார்சியா குடெரைட் ஆகிய மூவரும் அவருடன் சேர்ந்து ஓர் அணியாயினர். அணித்தலைவி சாண்ட்ரா. 1993, 1994, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்நால்வரே கனடா நாட்டு வெற்றிப் பட்டத்தைப் பெற்றனர். அம்மூன்று ஆண்டுகளிலும் உலக வெற்றிப் பட்டத்தையும் கைக்கொண்டனர்.

அதுகாறும் ஒலிம்பிக் விளையாட்டில் மகளிர் கர்லிங்குக்குப் பதக்கம் வழங்கும் முறை இருந்ததில்லை. 1998ஆம் ஆண்டில், ஜப்பானில் நடைபெற்ற நாகானோ ஒலிம்பிக்கில்தான் அது முதன்முதல் இடம்பெற்றது. அங்குச் செல்லும் கனடா அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டி 1997ஆம் ஆண்டு நவம்பரில் பிராண்டன் நகரில் நடந்தது. சாண்ட்ரா அம்மையார் தம் முதல் மகவை ஈன்று மூன்று திங்களும் நிறைவுறாத காலம் அது. இறுதி ஆட்டத்தின் ஏழாம் சுற்றில் எதிரணியின் கல் ஒன்று வட்டத்தின் நடுவே நின்றது. அதனை நேரே தாக்குதற்கு வழியில்லை. பக்கத்தே ஒதுங்கி நின்ற மற்றொரு கல்லின்மீது மோதி, அங்கிருந்து திரும்பி வந்து நடுக்கல்லைத் தள்ளுதல் வேண்டும். சிறிது பிசகினும் எல்லாம் கெடும். எனினும் அம்மையார் தயங்கினாரில்லை. அவர் விடுத்த கல் பக்கக் கல்லில் மோதித் திரும்பி, நடுக்கல்லை வெளியேற்றிவிட்டுத் தான் அங்கே நின்றது! அவ்வொரு கல்லால் மூன்று புள்ளிகள் கிடைத்தன; ஆட்டமும் அவர் பக்கம் திரும்பிற்று.

நாகானோ ஒலிம்பிக்கின் கர்லிங் போட்டிகள் கருயிசாவா என்னும் ஊரில் நிகழ்ந்தன. அரையிறுதியில் பிரிட்டன் அணியைக் கடும்போராட்டத்தின்பின் கனடா வென்றது. இறுதியாட்டத்தில் டென்மார்க்கு அணியை ஏழுக்கு ஐந்து என்னும் கணக்கில் வென்று, தங்கப்பதக்கம் பெற்றது. டென்மார்க்கு பெற்ற வெள்ளிப்பதக்கமோ, குளிர்கால ஒலிம்பிக்கில் அந்நாடு அடைந்த முதற் பதக்கமாகும்.

புகழின் உச்சியில் நின்ற அவரைக் கொடிய நோய் பற்றியது. 1999ஆம் ஆண்டு இரண்டாம் மகவு பிறந்த சில திங்களில், அவருக்குப் புற்றுநோய் கண்டிருப்பது தெரியவந்தது. நோயின் நடுவிலும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், கனடா நாட்டு இளையோர் போட்டிக்குத் தொலைக்காட்சி வாயிலாக விளக்கவுரை வழங்கினார். மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் உலக வாழ்வை நீத்தார். கனடா மக்கள் தம் வீட்டுப் பெண்ணையே இழந்தவர்போல் வருந்தினர். மறு ஆண்டில் அவர் பெயரால் அறநிலையம் ஒன்று தோன்றியது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளையும் பிணியுற்ற பச்சிளங்குழந்தைகளையும் காக்கும் கருவிகளை மருத்துவமனைகள் பெறுதற்கு அது பொருளுதவி செய்து வருகின்றது.

இரு குழந்தைகளை விட்டுப் பிரிந்த அன்னையின் பெயர், இன்று எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காக்கத் துணைசெய்கின்றது. பதக்கம் வென்றோர் பலர். பெயரைப் பிறர்க்குப் பயன்பட விட்டுச் சென்றோர் சிலரே. அச்சிலருள் சாண்ட்ரா அம்மையாரும் ஒருவர்.