முதலில் பெல்ட், பிறகு பெயிண்ட்

பழைய ஸ்போர்ட்ஸ் காடி ஒன்றை வாங்கியதும் நம் இளைஞர்கள் முதலில் ஓடுவது எங்கே? ரிம் கடைக்கு. அடுத்து பெயிண்ட் கடைக்கு. அதன் பிறகு எக்ஸாஸ்ட் குழாயை மாற்றிச் சத்தத்தைக் கூட்டுவார்கள். எஞ்சினைக் கவனிக்கும் முறை கடைசியில்தான் வருகிறது. பல வேளைகளில் இழுவை லோரி வந்து நின்ற பிறகுதான் வருகிறது.

நம் நாட்டுக்குப் பொருத்தமான உதாரணம் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1990-களின் இறுதியில் வந்த காடி. 1.8 லிட்டர், 16 வால்வு, சுமார் 140 குதிரைசக்தி கொண்ட மிட்சுபிஷி 4ஜி93 எஞ்சின். 1996-இல் புரோட்டோன் கைப்பற்றிய லோட்டஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதன் ஓட்டத்தைச் செப்பனிட்டார்கள். வளைவில் அது பிடித்துச் செல்லும் அழகுக்காகவே இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் காடி இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டது. பல கை மாறியிருக்கும். ஓட்டியவர்களில் பாதிப்பேர் பொறுமைசாலிகளாக இருந்திருக்க மாட்டார்கள்!

இந்த எஞ்சினின் உயிர் ஒரு ரப்பர் பெல்ட்டில் இருக்கிறது. டைமிங் பெல்ட் என்பது அதன் பெயர். கீழே சுழலும் கிராங்க் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளையும் அதுதான் இணைக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? கேம் தண்டுகள் நின்றுவிடும். பிஸ்டன்கள் நிற்காது. திறந்தபடியே நின்றுபோன வால்வுகளை அவை கீழிருந்து மோதி வளைத்துவிடும். எஞ்சின் தலையைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது. எல்லா எஞ்சினும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காடியின் 1.6 லிட்டர் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. காடி நின்றுபோகும், அவ்வளவுதான். உங்கள் எஞ்சின் எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செமினிவாசிகளுக்கு இது பணப் பிரச்சினை மட்டுமல்ல. அணைக்கட்டு வழியாகச் சுங்கை தெக்காலா, உலு லங்காட் பக்கம் போகும் மலைச்சாலையில் ஞாயிறு காலையில் ஓட்டிப் பார்க்கத்தான் பலர் இந்தக் காடியையே வாங்குகிறார்கள். இறக்கத்து வளைவில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாக இறுகும். இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பிரேக்கும் இறுகும். எதிரே சைக்கிளோட்டிகள் கூட்டமாக வரும் சாலை அது.

பெல்ட்டை 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது வழக்கம். அல்லது ஐந்து ஆண்டு. எது முதலில் வருகிறதோ அது. ஓடாமல் கிடந்த காடியிலும் ரப்பர் முதுமையடையும். “பெல்ட் போன வருஷந்தான் மாத்தினேன் தம்பி” என்பார் விற்பவர். “ரசீது இருக்காண்ணே?” என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் எண்ணை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். அதைக் குறைத்து வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாற்றத்திற்காகச் செய்யப்படும் பரிசோதனையில் காடி தேறிவிட்டதே என்பீர்கள். அங்கே எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சரிபார்ப்பார்கள். பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்க்கமாட்டார்கள்.

பட்டறையில் பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். டென்ஷனர், தண்டுகளின் முனையிலுள்ள எண்ணெய் சீல், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது லாபம். சீல் கசிந்து எண்ணெய் பட்டால் புது பெல்ட்டும் கெட்டுப்போகும். பாதி வெட்டிய காடிகளை விற்கும் பொத்தோங் கடைகளில் எஞ்சின் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் பெல்ட், சீல், ரப்பர் குழாய் ஆகியவற்றை அங்கே வாங்குவது வீண். அவையும் பழையவைதான்.

அடுத்தது சூடு. செமினியிலிருந்து காஜாங் போகும் சாலையில் மாலை நெரிசலை அறியாதவர் உண்டா? ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று வராது. மின்விசிறி மட்டுமே துணை. நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, அந்த விசிறி தானாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் புதிதாக வாங்குங்கள். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால் 115 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. முகமே வெந்துவிடும்.

குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பது நம்மிடம் ஊறிய பழக்கம். உள்ளே துருவும் படிவும் சேர்வதற்கு அதுவே காரணம். கூலண்ட் ஊற்றுங்கள். சூடு ஏறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் மெக்கானிக்குகளும் உண்டு. எனக்கு அது பிடிக்காத வைத்தியம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடேறிய காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

கறுப்பு எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வாங்கியவுடன் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். 1,000 கிலோமீட்டரில் மறுபடியும் மாற்றுங்கள். பழைய எஞ்சினுக்குக் கடுமையான கழுவு மருந்து வேண்டாம். பெயர்ந்து வரும் அழுக்கு எண்ணெய் வழியை அடைத்துவிடும். எண்ணெய் பால் கலந்த காப்பி போல இருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் பக்கம் பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படியே. வெடிப்பு விட்ட குழாயை மாற்றிய பிறகே சாவியைத் தொடுங்கள்.

இவ்வளவும் செய்ய ஒரு செட் ரிம் வாங்கும் காசு ஆகலாம். வாங்கும்போதே அதை விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பேரம் பேசுங்கள். பெல்ட் மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். ரசீதைக் காடி கிராண்ட் நகலோடு பத்திரப்படுத்துங்கள். நாளை உங்களிடம் வாங்க வருகிறவர் அதைத்தான் கேட்பார்.