மேடை எல்லாருக்கும் உண்டு, அறை யாருக்கு?

ஆகஸ்ட் பிறந்தால் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் தேவாலயம், பல்கலைக்கழக வகுப்பறை, மதுக்கடையின் மாடி என்று கூரை உள்ள இடமெல்லாம் அரங்கமாகிவிடும். ஏறக்குறைய 5 லட்சம் பேர் வசிக்கும் ஊர் அது. 2019-இல் அங்கு நடந்த ஃபிரிஞ்ச் விழாவில் மட்டும் 3,800-க்கும் அதிகமான நிகழ்ச்சிகள். 30 லட்சம் டிக்கெட்டுகள் விற்றுப்போயின. இத்தனை பேர் மூன்றே வாரத்தில் வந்து குவிவதால், டிக்கெட் கிடைப்பது சுலபம், தங்க இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. கோடை விழாவுக்குப் போகத் திட்டமிடுபவர்கள் அறிந்திருக்க வேண்டியவை இவை.

இது ஒரே விழாவா?

இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, வியன்னாவில் பிறந்த இசை நிர்வாகி ருடால்ஃப் பிங்கின் முயற்சியால் 1947-இல் சர்வதேச விழா தொடங்கியது. ஓபரா, செவ்வியல் இசை, நாடகம் என எதுவானாலும், அழைப்பு பெற்ற கலைஞர்களே அதில் பங்கேற்பார்கள். அதே ஆண்டு, யாரும் அழைக்காமலேயே எட்டு நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. அவற்றில் ஒன்று நடந்தது எடின்பரோவில் கூட அல்ல. ஃபோர்த் கழிமுகத்துக்கு அக்கரையில் உள்ள டன்ஃபெர்ம்லின் மடாலயத்தில். அந்த எட்டுக் குழுக்களின் வழிவந்ததுதான் இன்றைய ஃபிரிஞ்ச். இவை தவிர, 1950 முதல் கோட்டை வாசலில் நடக்கும் ராணுவ இசை அணிவகுப்பும், 1983-இல் தொடங்கிய புத்தக விழாவும் ஆகஸ்டிலேயே வருகின்றன.

ஃபிரிஞ்சில் யார் நிகழ்ச்சி நடத்தலாம்?

யார் வேண்டுமானாலும். தேர்வுக் குழு கிடையாது. 1958-இல் உருவான ஃபிரிஞ்ச் சங்கம் நிகழ்ச்சி நிரலை வெளியிடும், டிக்கெட் விற்பனையை ஒருங்கிணைக்கும். எது நல்லது, எது மோசம் என்று சொல்லாது. அரங்கம் பிடித்து, பதிவுக் கட்டணம் கட்டினால் மேடை ஏறலாம். நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டர்ன் ஆர் டெட்’ 1966-இல் இங்குதான் முதலில் அரங்கேறியது. பின்னாளில் தொலைக்காட்சித் தொடராக உலகம் சுற்றிய ‘ஃப்ளீபேக்’, 2013-இல் ஒரே ஒரு நடிகை நடித்த நாடகமாக இங்கே தொடங்கியது. பத்துப் பேர் கூட வராத நிகழ்ச்சிகளும் இதே ஊரில், இதே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஒரு மணி நேரம்தான். ஒரே அறையைக் காலை முதல் நள்ளிரவு வரை பல குழுக்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. முந்தைய கூட்டம் வெளியேறி அடுத்த கூட்டம் நுழைவதற்குள் மேடைப் பொருள்களை அகற்றி, புதியவற்றை வைத்து, விளக்கைச் சரிசெய்துவிட வேண்டும். அதனால் தாமதமாகப் போனால் கதவு திறக்காது. சம்மர்ஹாலில் ஒரு நாடகமாவது பாருங்கள். அது பழைய கால்நடை மருத்துவக் கல்லூரி. விலங்கு உடலை அறுத்துக் காட்டுவதை மாணவர்கள் எட்டிப்பார்ப்பதற்காகச் செங்குத்தான அடுக்குகளாக அமைத்த பெஞ்சுகளில் இப்போது ரசிகர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

வரைபடத்தை முழுதாக நம்ப வேண்டாம். ஜார்ஜ் IV பிரிட்ஜும் கௌகேட் தெருவும் வெட்டிக்கொள்வதாகக் காட்டும். உண்மையில் ஒன்று மேலே பாலம், மற்றொன்று பல படிகள் இறங்கிப் போக வேண்டிய பள்ளம். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே அரை மணி நேரமாவது விடுங்கள். தொடக்க நாள்களின் முன்னோட்டக் காட்சிகளுக்குக் கட்டணம் குறைவு. கட்டணமில்லா நிகழ்ச்சிகளும் ஏராளம். முடிந்ததும் கலைஞர் வாளியோடு வாசலில் நிற்பார், பிடித்த அளவுக்குப் போடலாம்.

அறை ஏன் இவ்வளவு விலை?

ரசிகர் இரண்டு மூன்று இரவு தங்குவார். கலைஞருக்கோ மாதம் முழுக்க இடம் வேண்டும். இருவரும் ஒரே வீடுகளுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதால் உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை ஏறியது என்ற புகார் வலுத்த பிறகு, ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகைக்கு உரிமம் கட்டாயமானது. ஏற்கெனவே வாடகைக்கு விட்டு வந்தவர்கள் 2023 அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இணையத்தில் வீடு பிடித்தால் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2026 ஜூலை 24 முதல் தங்கும் கட்டணத்தின் மீது 5 சதவீத வரியும் உண்டு. தொடர்ச்சியாக ஐந்து இரவுகள் வரைதான் அது.

விடுமுறையில் காலியாகும் பல்கலைக்கழக விடுதி அறைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹோலிரூட் பூங்காவை ஒட்டிய பாலக் ஹால்ஸ் விடுதியிலிருந்து பல அரங்கங்களுக்கு நடந்தே போகலாம்.

பக்கத்து ஊரில் தங்கலாமா?

தாராளமாக. லீத், நியூஹேவன் பகுதிகளுக்கு 2023 முதல் டிராம் ஓடுகிறது. கடற்கரை வேண்டுமென்றால் போர்ட்டோபெல்லோ, மசல்பரோ. ரயிலில் லின்லித்கோ சுமார் 20 நிமிடம், நார்த் பெர்விக் அரை மணி, கிளாஸ்கோ 50 நிமிடம், 2015-இல் திறந்த பாதையில் ட்வீட்பேங்க் ஒரு மணிக்குள். வேவர்லி நிலையம் பழைய நகருக்கும் புதிய நகருக்கும் நடுவிலேயே இருப்பதால், இறங்கியதும் விழாவுக்குள் வந்துவிடுவீர்கள்.

ஆனால் ஊரைத் தூரம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கடைசி ரயிலின் நேரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பல நகைச்சுவை நிகழ்ச்சிகள் களைகட்டுவதே இரவு பத்துக்கு மேல்தான். ஞாயிறன்று ரயில்கள் குறைவு. பின்னிரவு நிகழ்ச்சி வேண்டுமென்றால் இரவுப் பேருந்து ஓடும் தடத்தில் தங்குவதே நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு பிரிட்டன் விசா தனியாக வேண்டும். ஷெங்கன் விசா செல்லாது. பகலின் சராசரி உச்ச வெப்பநிலையே 19 டிகிரி அளவில்தான், மழை எப்போதும் வரலாம், ஸ்வெட்டர் அவசியம்.

தேர்வுக் குழு இல்லாத விழாவில், யார் மேடை ஏறலாம் என்பதை இன்று வீட்டு வாடகை தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது என்பது கலைஞர்களின் நீண்டநாள் குறை. ரசிகருக்கும் அதே கணக்குதான். ஆகவே முதலில் அறை, பிறகு ரயில் நேரம், கடைசியில் டிக்கெட். எதைப் பார்ப்பது என்பதை அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம். ராயல் மைல் தெருவில் பத்தடி நடப்பதற்குள் நடிகர்களே துண்டுப் பிரசுரத்தை நீட்டிக் கூப்பிடுவார்கள்.